வறுமைக்கோடும் வறுமையின் வயதும்

1970-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களில் நூற்றுக்கு 49.3 வறுமையில் உழன்றன. 2016-இல் நாடு முழுவதற்குமான விழுக்காடு 0.4 என அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே நிறுத்தி, 'வறுமை ஏறத்தாழ ஒழிந்தது' என்று மேடைதோறும் முழங்கிய காலம் ஒன்று இருந்தது. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் இந்நாட்டுக்கு வந்தார். அவ்வெண் உண்மை நிலையைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுப்புரைகள் எழுந்தன. ஆயினும் 2020-இல் அரசாங்கமே மாதம் 980 வெள்ளியாக இருந்த வறுமைக்கோட்டை 2,208 வெள்ளியாக உயர்த்திற்று. உயர்த்தியதும் 2016-இன் 0.4 விழுக்காடு 7.6 ஆயிற்று, 2019-க்கு 5.6 என்ற எண் கிடைத்தது. அந்த ஓர் இரவில் எந்த வீட்டு உலையிலும் ஒரு பிடி அரிசி குறைந்துவிடவில்லை. கோடு ஏறியது, ஏழைகள் பெருகினர்.

கோட்டின் உயரம் பற்றிய அந்த வழக்கு ஓரளவு தீர்ந்தது. நான் தொடுக்கும் வழக்கு வேறு. கோட்டை எவ்வளவு உயரத்தில் வரைந்தாலும், அதன்கீழ் ஒரு குடும்பம் எத்தனை காலமாகக் கிடக்கிறது என்பதை நம் கணக்கு கேட்பதே இல்லை. நேற்று விழுந்து நாளை எழப்போகிறவனும், தாத்தன் காலந்தொட்டு எழாதவனும் அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒன்று என்றே எண்ணப்படுகின்றனர். இவ்வாறு எண்ணுவது அளத்தல் ஆகாது. தலை எண்ணுதல் மட்டுமே.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியாய் இராது. நல்குரவு என்னும் அதிகாரத்தில் 1048-ஆம் குறளை வகுப்பில் விளக்காதவர் நம்மில் யார்? முன்னாள் வந்து உயிரை வாட்டிச் சென்ற இல்லாமை, இந்நாளும் திரும்பி வந்துவிடுமோ என்று ஒருவன் நடுங்குவதை வள்ளுவர் அங்கே காட்டுகிறார். அவனிடம் எவ்வளவு பொருள் உண்டு என்று அவர் வினவவில்லை. வறுமை எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பதே அவ்வேழையின் அச்சம். புள்ளிவிவர அறிஞர்கள் அண்மைக் காலத்தில் 'நிலைத்த வறுமை' என்றும் 'இடைக்கால வறுமை' என்றும் பிரித்துப் பெயரிட்டு ஆராய்வதன் கரு அந்த அச்சத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கால் இதைத் தெளிவாக்கலாம். எளிமை கருதி வறுமைக்கோடு மாதம் 1,000 வெள்ளி எனக் கொள்வோம். மூன்று வீடுகள். முதல் வீட்டின் வருமானம் நான்கு ஆண்டுகளிலும் 800 வெள்ளி. இரண்டாம் வீட்டில் குடும்பத் தலைவர் நோயுற்றதால் முதல் ஆண்டு 400. தேறிய பின் 1,400, 1,300, 1,300. மூன்றாம் வீட்டின் வருமானம் 600, 1,100, 600, 1,100 என ஏறி இறங்குகிறது. முதல் ஆண்டில் கணக்கெடுப்பவர் வந்தால் மூன்று வீடுகளும் ஏழை. அவற்றுள் மிக ஏழை இரண்டாம் வீடு. மறு ஆண்டில் வந்தால் முதல் வீடு மட்டுமே ஏழை. 'வறுமை ஓராண்டில் மூன்றில் இரு பங்கு வீழ்ந்தது' என்று நாளேடு தலைப்பிடும். மூன்றாம் ஆண்டில் வறுமை மீண்டும் இரட்டிப்பாகும். இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் இடையே முதல் வீட்டில் ஒரு காசும் மாறவில்லை என்பது யார் கண்ணுக்கும் படாது. ஆண்டுதோறும் தவறாமல் ஏழையாய் இருந்த வீடே அறிக்கையில் தனி முகம் இல்லாமல் போகிறது.

இவ்வீடுகளைப் பிரித்தறிய அறிஞர் இரு வழி கண்டுள்ளனர். ஒன்று, எத்தனை ஆண்டுகள் கோட்டின்கீழ் இருந்தது என்று எண்ணுவது. இதன்படி முதல் வீடு எப்போதும் ஏழை. மற்றவை இரண்டும் சில ஆண்டுகளே ஏழை. மற்றொன்று, பல ஆண்டுகளின் சராசரியைக் கோட்டுடன் ஒப்பிடுவது. இரண்டாம் வீட்டின் சராசரி 1,100. அதன் துன்பம் இடைக்காலத்தது. மூன்றாம் வீட்டின் சராசரியோ 850. இரண்டு ஆண்டுகள் கோட்டைத் தாண்டியும் அது நிலைத்த வறுமையிலேயே இருக்கிறது. நல்ல ஆண்டின் வருவாய் முழுவதையும் சிந்தாமல் சேமித்துக் கெட்ட ஆண்டுக்கு வைத்தாலும் அவ்வீட்டுக்குப் போதாது. எனக்குச் சராசரி வழியே உண்மைக்கு நெருங்கியதாகப் படுகிறது. ஆனால் அதிலும் ஒரு செல்வர் மனப்பான்மை ஒளிந்திருக்கிறது. நல்ல ஆண்டுப் பணத்தைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்துச் செல்ல ஏழைக்கு வங்கி ஏது? அடகுக்கடையும் வட்டிக்காரரும் அல்லவோ அவனுடைய வங்கி! 400 வெள்ளி ஆண்டில் தாலிக்கொடியை அடகு வைத்த இரண்டாம் வீடு, 1,400 வெள்ளி ஆண்டில் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் இரு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் புதிய மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்து, கடந்த பன்னிரண்டு மாத வருவாயை வினவுகிறார்கள். முன்பு வினவிய வீட்டுக் கதவை மறுமுறை தட்டுவதில்லை. அதனால் 2019-இல் 5.6 விழுக்காடாக இருந்த வறுமை 2020-இல் 8.4 ஆகி, 2022-இல் 6.2 ஆகக் குறைந்தது என்று அறிகிறோம். 2019-இல் ஏறத்தாழ 4,05,000 ஏழைக் குடும்பங்கள். 2020-இல் ஏறத்தாழ 6,40,000. இவ்விரு தொகைகளிலும் பொதுவாக இருந்த குடும்பங்கள் எத்தனை? பெருந்தொற்றில் விழுந்தவர்களுள் 2022-க்குள் எழுந்தவர் எத்தனை பேர்? 2022-இன் ஏழைகளுள் 2019-க்கும் முன்பிருந்தே ஏழைகளாய் இருந்தோர் எத்தனை பேர்? அந்தக் கணக்கெடுப்பின் அமைப்பே இவ்வினாக்களுக்கு விடை தராது.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இக்குறை புதிதன்று; ஒரு தலைமுறையின் வரலாற்றையே அது மறைத்திருக்கிறது. மலேசியத் திட்ட அறிக்கைகள் தொழில் வாரியாக வறுமையைப் பட்டியலிட்டன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஏழைகள் 1970-இல் 40.0 விழுக்காடு, 1975-இல் 47.0, 1980-இல் 35.1, 1984-இல் 19.7. நெல் விவசாயிகள், மீனவர், ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் ஆகியோர்க்கெல்லாம் 1970-க்கும் 1975-க்கும் இடையே வறுமை குறைந்தபோது, தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் அது கூடிற்று என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். 1973-74-இல் விலைவாசி ஏறியதும் 1974-இல் ரப்பர் விலை சரிந்ததும் நாம் அறிந்தவை. சிறுதோட்டக்காரர் அச்சரிவைத் தாங்காமல் அவ்வாண்டு நவம்பரில் கெடாவின் பாலிங்கில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தோட்டத்து லயங்களில் இருந்தவர் அப்படித் திரளவில்லை. பட்டியலில் மட்டும் ஏழு விழுக்காடாய் ஏறினர்.

அடுத்த பத்தாண்டில் 47.0 எப்படி 19.7 ஆயிற்று? கூலி உயர்ந்தது ஒரு காரணம். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நோக்க வேண்டும். 1950, 60-களின் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் இழந்தோர், 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியேற்றப்பட்ட குடியுரிமையற்றோர், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்து நீங்கியோர், நகரம் விரிந்து தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் பெயர்க்கப்பட்டோர் என அலையலையாய் மக்கள் தோட்டங்களை விட்டுச் சென்றனர். பலர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். பலர் நகர்ப்புறத்துப் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டனர். தோட்டத்தை விட்டு வெளியேறிய அந்நாளே அவர்கள் 'தோட்டத் தொழிலாளர்' என்னும் வரிசையிலிருந்தும் நீங்கிவிட்டனர். ஏழை வெளியேறினால் அந்த வரிசையின் வறுமை குறையும். அவன் வறுமை குறைந்ததா என்று கேட்க அவன் பின்னால் எவரும் செல்லவில்லை. 19.7 என்ற எண்ணில் எத்தனை பங்கு உயர்ந்த கூலி, எத்தனை பங்கு ஒழிந்த லயம் என்று இன்று எந்தப் பேரறிஞர் வந்தாலும் பிரித்துச் சொல்ல இயலாது. வரிசை மறைந்ததை வறுமை மறைந்ததாகக் கொண்டாடினோம்.

ஆண்டுக் கணக்கே மற்றோர் உண்மையையும் விழுங்குகிறது. பால் வெட்டுக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. நாட்கூலி முறையில் வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. இலையுதிர் காலத்தில் மரம் பால் சுருக்கும். பன்னிரண்டு மாதத்தைக் கூட்டி வகுத்தால் கோட்டுக்கு மேலே நிற்கும் வீடு, அந்த இரண்டு மூன்று மாதங்களில் கடையில் கடன் ஏட்டை நம்பி உண்டது. சராசரியில் எவரும் பட்டினி கிடப்பதில்லை.

'ஒரே குடும்பங்களை ஆண்டாண்டாய்ப் பின்தொடர்வது ஆகக்கூடிய செயலா?' என்று கேட்பவர் உண்டு. ஆகியிருக்கிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் உள்ள அனைத்துலகப் பயிராய்வு நிறுவனம் 1975 முதல் தக்காணத்து வறண்ட சிற்றூர்களான அவுரேபல்லி, சிராப்பூர், கன்சாரா ஆகியவற்றில் அதே குடும்பங்களைப் பல்லாண்டு தொடர்ந்து வினவிற்று. அவ்வேடுகளிலிருந்து ஒன்பது ஆண்டுகளின் கணக்கை ராகவ் கைஹாவும் அனில் தேவலாலிகரும் 1993-இல் ஆராய்ந்தனர். ஒன்பது ஆண்டுகளிலும் ஏழையாகவே இருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள். ஒரு முறையும் ஏழையாகாதவை எட்டில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய மூன்றில் இரு பங்கு குடும்பங்கள் மழையும் விலையும் ஆட்டுவித்தபடி கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கின. சீனத்தின் தென்பகுதியில் நான்கு மாநிலங்களின் சிற்றூர்க் குடும்பங்களை 1985 முதல் 1990 வரை பின்தொடர்ந்த ஏடுகளைக் கொண்டு ஜோத்ஸ்னா ஜலானும் மார்ட்டின் ரவாலியனும் செய்த ஆய்வில், வறுமையின் கடுமையில் ஏறத்தாழ பாதி இடைக்காலத்தது எனத் தெரிந்தது. ஒன்றைத் தூண்டும் காரணங்கள் மற்றதைத் தூண்டும் காரணங்களிலிருந்து வேறுபட்டன என்பதும் அதில் தெரிந்தது. அப்படியானால் இரண்டுக்கும் ஒரே மருந்தை ஊட்டுவது எந்த மருத்துவ நூலில் உள்ளது?

தக்காணமும் சீனமும் தொலைவு என்பாருக்கு அண்டை நாட்டைக் காட்டுவேன். இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு 1993-இல் தொடங்கி, 1997, 2000, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் அதே குடும்பங்களைத் தேடிச் சென்றது. வீடு மாறியவரையும் தனிக்குடித்தனம் போனவரையும் அவர்கள் போன ஊர்வரை தேடிற்று. இதில் நமக்கு நாணம் தரும் செய்தி ஒன்று உண்டு. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1976-77-இல், மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு என ஒன்று இங்கே நடந்தது. 1988-89-இல் முதல் ஆய்வின் பெண்களுள் ஒரு பகுதியினரை மீண்டும் கண்டு வினவினர். விதை நம் மண்ணில் விழுந்தது. விளைச்சல் கடலுக்கு அப்பால்.

எதிர்வாதங்களுள் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். வருமானத்தை மக்கள் சரியாகச் சொல்வதில்லை. ஓராண்டு கூட்டியும் ஓராண்டு குறைத்தும் சொல்வர். அந்தப் பிழையே ஏற்ற இறக்கமாகத் தோன்றி, இடைக்கால வறுமையை உள்ளதைவிடப் பெரிதாய்க் காட்டும் என்பது அது. உண்மைதான். வருமானத்தோடு செலவையும் வினவினால் இப்பிழை குறையும். பல ஆண்டுச் சராசரி அதை மேலும் அடக்கும். ஆனால் இப்பிழையைக் காட்டிப் பின்தொடரலையே கைவிடச் சொல்வோர், ஒருமுறை மட்டும் வினவும் கணக்கிலும் அதே பிழை இருப்பதை மறந்துவிடுகின்றனர். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஏதும் இல்லாததால் பிழை தெரியவில்லை, அவ்வளவே. 'ஏழைகளின் பெயர்ப்பட்டியல் அரசிடம் உள்ளதே' என்பாரும் உண்டு. விண்ணப்பித்தவர் பட்டியல் அது. படிவம் நிரப்பத் தெரியாத பாட்டியும் முகவரி நிலையில்லாத குடும்பமும் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

இரு வறுமைக்கும் மருந்து வேறு என்றேன். இடைக்கால வறுமைக்கு வேண்டுவது வேகம். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டு வாசல்களில் வெள்ளைக்கொடி பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது வாகன ஓட்டுநர்க்கும் உணவகத் தொழிலாளர்க்கும் தேவைப்பட்டது அந்த வாரத்துக்கான உணவும் அந்த மாதத்து வாடகையும். மூன்று மாதம் ஆய்வு செய்து அனுப்பும் உதவி அவர்க்கு உதவியன்று. நிலைத்த வறுமைக்கு வேண்டுவதோ உடைமை, கல்வி, உடல்நலம், உறுதியான கூலி. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறு தவணைகளில் செலுத்திய பணத்தால் தோட்டம் வாங்கச் செய்தபோது இதை உணர்ந்தே செய்தார் என்று கருதுகிறேன். அவர் அரிசி மூட்டை வழங்கவில்லை. நிலத்தில் பங்கு வழங்கினார். நம் இன்றைய அமைப்புகளோ தீபாவளிக்கு முன் ஒரு பொட்டலத்தை நீட்டிப் படம் பிடித்துக்கொள்கின்றன. பொட்டலம் தவறு என்று நான் கூறவில்லை. பத்து ஆண்டுகளாக அதே கைகள் அதே பொட்டலத்துக்கு நீளுகின்றன என்றால், அங்கே இடைக்கால மருந்தை நிலைத்த நோய்க்குத் தந்துகொண்டிருக்கிறோம். அந்தக் கைகளின் பெயர்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்த சங்கம் எது?

கவனிக்காத இடைக்கால வறுமை நிலைத்த வறுமையாக முதிர்வதும் உண்டு. 2020-க்கும் 2022-க்கும் இடையே ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்ட தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அன்றைய பசிக்கு அது உதவிற்று, மறுப்பதற்கில்லை. ஆனால் முதுமைக்கு வைத்த நெல்லை எடுத்து இன்றைக்கு உலை வைத்தோம். 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரை ஆராய்ந்த சீபோம் ரௌன்ட்ரீ, தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வருவதாக 1901-இல் எழுதினார்: குழந்தைப் பருவத்தில், தான் குழந்தைகளை வளர்க்கும் பருவத்தில், உழைப்பு ஓய்ந்த முதுமையில். அந்த மூன்றாம் வறுமையைச் சிலருக்கு முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டோம். அது கணக்கில் தெரியவரும் ஆண்டில், அதைப் பெருந்தொற்றோடு இணைத்துப் பார்க்க யாரிடம் ஏடு இருக்கும்?

இங்கேதான் ஆசிரியப் பெருமக்களை நோக்கித் திரும்புகிறேன். நாட்டில் எவரிடமும் இல்லாத ஓர் ஏடு தமிழ்ப்பள்ளியில் இருக்கிறது. ஒரு குழந்தை முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டில் விடைபெறும்வரை ஆறு ஆண்டுகள் ஒரே குடும்பம் உங்கள் கண்முன் நிற்கிறது. எந்த ஆண்டில் துணையுணவுத் திட்டத்தில் அதன் பெயர் இருந்தது, எந்த ஆண்டில் நீங்கியது, எந்த ஆண்டில் தந்தையின் தொழில் மாறியது, எந்த மாதத்தில் வருகை குறைந்தது என்பதெல்லாம் வெவ்வேறு கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆண்டு முடிந்ததும் கோப்பைக் கட்டி நிலைப்பேழையில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு புதிய படிவத்தில் அதே தாயிடம் வருமானத்தைப் புதிதாய்க் கேட்கிறோம். நம் பள்ளியும் புள்ளிவிவரத் துறையைப் போலவே முன்பு தட்டிய கதவை மறந்துவிடுகிறது.

குழந்தையின் பெயருக்கு எதிரே ஆறு கட்டங்கள் வரைந்து, ஆண்டுக்கு ஒரு குறி இட்டால் போதும். ஆறு கட்டமும் நிரம்பிய குழந்தைக்கும், ஒரு கட்டம் மட்டும் திடீரென நிரம்பிய குழந்தைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வெவ்வேறு வகையில் உதவலாம். பின்னதற்கு அந்த மாதமே பேருந்துக் கட்டணம். முன்னதற்கு இடைநிலைப்பள்ளி முடியும்வரை தொடரும் கைத்தாங்கல். இவ்வேடு குடும்ப மானத்தைத் தொடுவதாகையால் தலைமையாசிரியர் பேழையில் பூட்டப்பட வேண்டும். பெயர்கள் மேடையேறக் கூடாது. அரசை நோக்கியும் ஒன்று கேட்கலாம். அடுத்த வருமானக் கணக்கெடுப்பில் எல்லாக் குடும்பங்களையும் புதிதாய்த் தேர வேண்டாம். முந்தைய மாதிரியில் ஒரு பகுதியையேனும், குடிபெயர்ந்திருந்தாலும் புதிய முகவரிவரை சென்று வினவட்டும். முதலில் எவரைத் தேடுவது என்று கேட்டால், இடிக்கப்பட்ட லயங்களிலிருந்து போனவர்களைத் தேடட்டும்.